ராக்கெட் கோட்டுக்கு உள்ளே

இதைக் கேட்டால் என்மேல் காறித் துப்பக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் அண்ணி. இரண்டு பேரும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதத் துணிகிறேன். இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். அவ்வளவு பெரிய யோக்கியன் இல்லை நான்.

எங்கள் ஊர் கவுஞ்சி. கொடைக்கானலிலிருந்து மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால், ஊர் வருவதற்குள் வயிறு இரண்டு முறை புரண்டு படுக்கும். எழுபதுகளின் நடுவில் நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் தெருவில் அந்தப் படிப்புப் படித்தவன் நான் ஒருவன்தான். மண்வெட்டி பிடிக்கக் கை கூசியது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தார். வெள்ளனே எழுந்து உருளைக்கிழங்குக் காட்டுக்குப் போய்விடுவார். நான் வெயில் ஏறிய பிறகு, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலை பார்க்க வந்தவன் மாதிரி போய் நிற்பேன்.

"தம்பி, சட்ட அழுக்காயிரும், தள்ளி நில்லுங்க" என்பார் அண்ணி. கேலிதான். ஆனால் கேலி செய்துகொண்டே சோற்றுத் தூக்கை என் பக்கம்தான் முதலில் நகர்த்துவார்.

எனக்கு ஒரு உத்தியோகம் வேண்டும். நாற்காலி, மேஜை, மாதம் பிறந்தால் சம்பளம். அதற்காக நான் போடாத மனு இல்லை. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அந்த நிலைமையில்தான் ஒரு நாள் இரண்டு ஜீப்புகள் எங்கள் ஊருக்குள் வந்தன.

கிழக்குக் கடற்கரையில் ராக்கெட் விடுகிறார்கள் அல்லவா, அது மேலே போகும்போது அதோடு பேசவும் அது அனுப்புவதைக் கேட்கவும் உயரமான இடத்தில் ஒரு நிலையம் வேண்டும், அதற்கு உங்கள் ஊர் மேட்டைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று வந்தவர்கள் பொறுமையாகத்தான் சொன்னார்கள். ஜீப் கிளம்பிப் போன அரை மணி நேரத்தில், ராக்கெட்டே கவுஞ்சியிலிருந்துதான் கிளம்பப் போகிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அந்தச் சத்தத்தில் பசு கன்று போடுமா, கோழி அடை காக்குமா என்று டீக்கடையில் ஒரு வாரம் விவாதம் நடந்தது.

வேறு ஊராக இருந்தால் நிலம் எடுக்க வந்தவனை விரட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் நடந்தது நேர்மாறு. அதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் மலையில் ஓர் அணைக்காக நிலம் எடுத்தபோது, கோட்டுக்கு உள்ளே அகப்பட்டவர்களுக்கு நல்ல நஷ்டஈடு கிடைத்தது, வீட்டுக்கு ஒருவருக்கு அரசாங்க வேலையும் கிடைத்தது என்று ஒரு பேச்சு. கோட்டுக்கு வெளியே நின்று தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டவர்கள் இன்னமும் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பார்கள். அதை யாரும் மறக்கவில்லை. அதனால் அளக்க வந்த சர்வேயரிடம் ஆளாளுக்கு முட்டை, பேரிக்காய், சேவல் என்று எடுத்துக்கொண்டு போய், "எங்க காட்டையும் சேத்துக்கங்க சார்" என்று நின்றார்கள்.

சர்வேயர் ஐம்பதைத் தாண்டியவர். கீழ்நாட்டுக்காரர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். "நெலத்த எடுக்காதீங்கன்னு அழுதவங்களத்தான் என் சர்வீஸ்ல பாத்திருக்கேன். எடுங்கன்னு அழற ஊர இப்பத்தான் பாக்கிறேன்" என்று சிரித்தார். சேவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேலிருந்து வந்த வரைபடத்தில் கோடு எங்கே போகிறதோ அங்கேதான் கல் விழும், ஒரு முழம்கூட நகராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடு எங்கள் காட்டின் மேல் வரப்போடு போய்விட்டது. மலைச்சரிவில் மூன்று அடுக்குப் படியாக வெட்டி வைத்த காடு எங்களுடையது. அதன் நடுவில்தான் வீடும். மூன்றே மூன்று படி. அதற்கு மேலே இருந்தவனுக்கெல்லாம் வேலை, கீழே இருக்கிற எனக்குப் பட்டை நாமம் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

படித்தவன் என்பதால் சர்வேயர் என்னைத் தினக்கூலிக்கு அளக்கிற செயின் பிடிக்க வைத்துக்கொண்டார். அவர்கள் வேலை செய்கிற முறை இதுதான். முதல் நாள், கோடு போகிற வழியில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போவார்கள். மறுநாள் குச்சியைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் கல் நடுவார்கள். கல் நட்டு முடிந்த பிறகு கல்லுக்குக் கல் அளந்து படம் வரைவார்கள். அந்தப் படம்தான் சர்க்காருக்குப் போகும். குச்சி எங்கே இருந்தது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கப் போவதில்லை. இது எனக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். மேகம் இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் மேகம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. சர்வேயர் ஜீப்புக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கல் சுமக்கிறவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் மேலே போய், எங்கள் காட்டை ஒட்டிய இரண்டு குச்சிகளையும் பிடுங்கி, மூன்று அடுக்கு இறங்கி, எங்கள் வீட்டுக்கும் கீழே, கடைசி வரப்பில் அடித்தேன். எண்ணி அரை மணி நேர வேலை. கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது.

கல் நட்டு முடிந்ததும் சர்வேயர் அளக்க வந்தார். எங்கள் காட்டுப் பக்கம் வந்ததும் நின்று, "ஏம்ப்பா, கோடு இந்த எடத்துல மட்டும் ஏன் வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார்.

"மேல பூராம் பாறை சார். கல்லு நிக்காது. அதான் எறக்கி நட்டோம்" என்றேன்.

அவருக்குக் குளிர். மேலே ஏறிப் பார்க்கவில்லை. நோட்டில் 'பாறை காரணமாக' என்று எழுதிக்கொண்டார். அந்த இரண்டு வார்த்தையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

அறிவிக்கை வந்த அன்று அண்ணன் சேவல் அடித்தார். ஊர் மந்தையில் எல்லோரும் கூடியிருக்க, அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. கோட்டுக்குள் மொத்தம் ஆறு குடும்பங்கள். மற்ற ஐந்து பேருக்கும் உள்ளே போனது மேட்டில் கிடந்த தரிசு மட்டும். வீடும் காடும் மொத்தமாக உள்ளே போனது எங்களுக்குத்தான். "யோகக்காரன்டா" என்று என் முதுகில் தட்டினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். நிலத்தை விற்கக் கூடாது. ஒத்திக்கு வைக்கக் கூடாது. பாகம் பிரித்துப் பதியக் கூடாது. புதிதாகக் கட்டடம் கூடாது. இருக்கிற கட்டடத்துக்குத் தகரக் கூரை கூடாது. மின்சாரம் இழுக்கக் கூடாது, தண்ணீர் இறைக்க மோட்டார் கூடாது. நிலையம் ராக்கெட்டோடு பேசும்போது இவையெல்லாம் குறுக்கே இரைச்சல் போடுமாம். ஒவ்வொரு 'கூடாது'க்கும் நான் குரலை உயர்த்தினேன். பரிசுச் சீட்டில் விழுந்த எண்ணை வாசிக்கிற மாதிரி வாசித்தேன்.

"எம்புட்டு நாளைக்குலே இப்படி?" என்று அண்ணன் கேட்டார்.

"நிதி ஒதுக்குன ஒடனே நஷ்டஈடு குடுத்துருவாங்கண்ணே. ஆறு மாசம்" என்றேன். ஆறு மாதம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. நானாகச் சொன்னதுதான்.

நிதி வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாலை போட்டுக் கொடுத்தால் நிதி தருவோம் என்றது மத்திய சர்க்கார். நிதி வந்தால் சாலை போடுவோம் என்றது மாநில சர்க்கார். இரண்டும் மாறி மாறி ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டிருந்தன. வருடா வருடம் அறிவிக்கையை மட்டும் ஞாபகமாக நீட்டித்தார்கள். அது ஒரு வருடம்கூடத் தப்பியதில்லை. பணத்துக்கு இல்லாத சுறுசுறுப்பு சட்டத்துக்கு இருந்தது.

இதற்கிடையில் ஊருக்குள் மின்சாரம் வந்தது. எங்களுக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே காடு வைத்திருந்தவர் மோட்டார் போட்டார். அவர் தண்ணீர் பாய்ச்சுகிற சத்தம் எங்கள் வரப்பில் கேட்கும். அண்ணி ஓடையிலிருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு ஏறுவார். எங்கள் கூரை புல் வேய்ந்தது. அக்கம்பக்கம் எல்லோரும் தகரம் போட்டுவிட்டார்கள். நாங்களும் போடப் போனோம், கிராம அதிகாரி வந்து நிறுத்திவிட்டார். "எனக்கென்னங்க, போட்டுக்கங்கன்னு சொல்லிருவேன். மேலருந்து ஆளு வந்து பாத்தா என் சோலி முடிஞ்சுது" என்றார். இன்னும் கட்டாத நிலையத்தின் காதுக்கு எங்கள் தகரம் வலிக்குமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைக் கீழே தள்ளியிருப்பேன். ஆனால் தள்ளப்பட வேண்டியவன் யார் என்று எனக்குத் தெரியுமே, ஏணியை இறக்கி வைத்தேன்.

வீட்டுக்கு ஒரு வேலை என்ற பேச்சும் நிலையத்தோடு சேர்ந்து காற்றில் போனது. நான் மண்வெட்டியைப் பிடித்தேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடங்களில், "காடு விக்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாதாமே" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மூன்று இடத்துக்குப் பிறகு அண்ணன் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தப் புல்வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேரும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அண்ணனுக்கு நெஞ்சு கெட்டது. கூரை ஒழுகி மண்தரை எப்போதும் ஈரம். அடுப்புப் புகை போக வழி இல்லை, ஒரு ஜன்னல் வைக்கவும் அனுமதி கேட்க வேண்டும். முதலில் மார்கழியில் மட்டும் இருமினார். பிறகு புரட்டாசியிலேயே தொடங்கியது. பிறகு வருடம் முழுக்க. கிழங்கு மூட்டையைத் தூக்கினால் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். கொடைக்கானலில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"மருந்து தரேன். ஆனா மருந்து பெரிசில்ல. இந்தக் குளிர்ல இருந்தா இவர் ரொம்ப நாள் தாங்க மாட்டார். கீழ போயிடுங்க. பிளெயின்ஸ்ல இருந்தா இன்னும் இருபது வருஷம் நல்லா இருப்பார்" என்றார்.

அண்ணியின் பிறந்த ஊர் வத்தலக்குண்டு பக்கம். அண்ணனைக் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்பினோம். ஒரே மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் மாமனார் வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவார் அவர்? திரும்பி வந்துவிட்டார். "நம்ம காட்ட வித்துட்டு அங்கிட்டு ஒரு துண்டு வாங்கிப்போம்லே. ஒரு கெணறு, நாலு தென்ன. எனக்கு அது போதும்" என்றார். வாங்குவதற்கு ஆளும் இருந்தது. கீழே மோட்டார் போட்டவரே கேட்டார். பத்திரம் எழுதப் போனோம். பதிவு அலுவலகத்தில் ஒரு பட்டியலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ராக்கெட் நெலமாச்சே. தடையில்லாச் சான்று கொண்டாங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தச் சான்றுக்காக நான் கால் தேய நடந்தேன். நிலம் எடுப்பதற்கென்று கொடைக்கானலில் ஒரு தனி தாசில்தார் அலுவலகம் இருந்தது. ஏரிக்கு மேலே, ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில். எடுக்க நிதி இல்லை, ஆனால் எடுப்பதற்கான அலுவலகம் இருந்தது. கிளார்க் ஒருவர், தாசில்தார் ஒருவர், ஒரு கணப்பு அடுப்பு. விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்துப் போனால், "சார் மதுரைக்குப் போயிருக்காங்க" என்பார்கள். இருந்தால், "மேல எழுதியிருக்கு" என்பார்கள். தாசில்தார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்வேன், மூன்று அடுக்கை மட்டும் விட்டுவிட்டு.

எண்பதுகளின் நடுவில் ஒரு புதிய செய்தி வந்தது. சர்க்காரிடம் பணம் இல்லாவிட்டால் என்ன, தனியார் கம்பெனி ஒன்று தன் செலவிலேயே நிலையத்தைக் கட்டி, ராக்கெட் விடுகிறவர்களிடம் வாடகை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறதாம். எனக்கு உயிர் வந்தது. யார் கட்டினால் என்ன, நிலத்தை எடுத்துக்கொண்டு அண்ணனை விட்டால் சரி. நாலு மாதம் கழித்துப் போய்க் கேட்டேன். கிளார்க் நல்ல மனிதர், பைலை என் பக்கம் திருப்பியே காட்டினார்.

"தனியார் கட்டலாமா கூடாதான்னு ரூல்ஸ்ல இல்லைங்க. கூடாதுன்னு இருந்தா அனுப்பிச்சிருவாங்க. கூடும்னு இருந்தா குடுத்திருவாங்க. ஒண்ணுமே இல்ல. அதனால ரூல்ஸ் எழுதணும். அதுக்கு ஒரு கமிட்டி போடணும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் இப்ப இருக்கறது இருக்கற மாதிரியே" என்றார். கணப்பு அடுப்பில் ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

அந்த மழைக்காலத்தில் அண்ணன் படுத்துத் தூங்குவதை விட்டுவிட்டார். படுத்தால் மூச்சு அடைக்கும். சாக்கு மூட்டையைச் சுவரோரம் நிறுத்தி அதன்மேல் சாய்ந்தபடியே இருப்பார். அண்ணி எதிரே உட்கார்ந்து நெஞ்சில் தைலம் தேய்ப்பார். அந்தச் சின்ன வீட்டில் எந்த மூலையில் போய் உட்கார்ந்தாலும் அந்த மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. ஜெயிலுக்குப் போனாலும் சரி என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினேன்.

தாசில்தார் என் வயதுதான் இருப்பார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குச்சியைப் பிடுங்கியது, மூன்று அடுக்கு இறக்கியது, பாறை என்று பொய் சொன்னது. எங்கள் காடு கோட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள், நிலத்தை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மணி அடித்துப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். மேஜைமேல் விரித்து விரலால் கோட்டைத் தொடர்ந்து வந்தார்.

"இங்கதான?"

"ஆமா சார்."

"கல்லு இப்ப எங்க இருக்கு?"

"எங்க கடைசி வரப்புல."

"படத்துலயும் அங்கதான் இருக்கு. சரியாத்தான இருக்கு?"

"படத்தையே கல்ல வச்சுத்தான் வரைஞ்சாங்க சார். கல்லே தப்பு."

அவர் ஓரத்தில் இருந்த குறிப்பைப் படித்தார். "'பாறை காரணமாக'ன்னு சர்வேயர் கையெழுத்தோட எழுதியிருக்காரே. அவர் பொய் சொல்றாருங்கிறீங்களா?"

"நான் சொன்ன பொய் சார் அது."

"மேலருந்து வந்த மொதல் வரைபடம் இருந்தா பாக்கலாம். அது தலைமை ஆபீஸ்ல. கெடைக்குமான்னு தெரியாது." படத்தைச் சுருட்டினார். "இன்னொரு வழி, திரும்ப அளக்கறது. அளந்தா தெரிஞ்சிரும். ஆனா அளக்கறதுக்கு நிதி வேணும். இந்தத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கல. ஒங்களுக்குத்தான் தெரியுமே." பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. ஒங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்" என்றார்.

என்னை யாரும் பிடித்து உள்ளே போடவில்லை. அந்தப் பொய்க்கு அவர்கள் சீல் வைத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் கத்தினாலும் அது உண்மையாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை அண்ணனை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, மன்னவனூருக்கு முன்னால் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. மற்றவர்கள் இறங்கி டீக்கடையைத் தேடிப் போனார்கள். பஸ்ஸுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அண்ணன் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, "கீழ்காட்டுக்காரன் யோகக்காரன்லே. மூணு முழத்துல வெளிய நிக்கிறான். நம்ம தலையெழுத்து" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"தலையெழுத்து இல்லண்ணே. நாந்தான் செஞ்சேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மொதல்ல குச்சி எங்கன இருந்துச்சு?"

"மூணு அடுக்குக்கு மேல. ரெட்டப் பாறைக்குப் பக்கத்துல."

ஊர் வந்து சேரும்வரை அவர் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. மறுநாள் விடிந்ததும் படுக்கையில் அவரைக் காணோம். வெளியே வந்து பார்த்தால், பனியில், அந்த மூச்சை வைத்துக்கொண்டு, அடுக்கு அடுக்காக நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் போகப் பயந்து நான் கீழேயே நின்றேன். ரெட்டைப் பாறைக்குப் பக்கத்தில் போய் நின்று கீழே எங்கள் வீட்டைப் பார்த்தார். வெயில் வரும்வரை அங்கேயே நின்றார். இறங்கி வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

வரப்பில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்த பிறகு சொன்னார்: "ஏலே, ஒன்ன வெட்டிப் போடணும்னுதான் வருது. சத்து இல்ல."

"வெட்டுங்கண்ணே."

"சும்மா இரு. நான் சொல்றதக் கேளு. இத அவகிட்ட சொல்லிராத. எப்பவும். நான் போன பெறகும் சொல்லிராத."

"எனக்குச் சொல்லணும்ணே. சொல்லாம என்னால இருக்க முடியாது."

"சொன்னா அவ ஒனக்குச் சோறு போட மாட்டா. அவ கோவம் எனக்குத் தெரியும். எனக்குப் பெறகு ஒனக்கு யாருடா போடுவா? அவளுக்குத்தான் யாரு இருக்கா? ரெண்டு பேரும் ஒரு கூரைக்குள்ள கெடக்கணும்லே. மூடிக்கிட்டு இரு." இருமல் வந்தது. அடங்கியதும், "வெரசா சாப்ட்டுட்டு வா. கெழங்கு எடுக்கணும்" என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என்னோடு பேசினார், சிரித்தார், ஒரே தட்டில் கிழங்கு தின்றோம். எனக்கு அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அடுத்த மார்கழியில் ஒரு மதியம், சாக்கு மூட்டையில் சாய்ந்தபடியே போய்விட்டார். அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன்.

பிறகு நானும் அண்ணியும் அந்த வீட்டில் இருந்தோம். அவர் பிறந்த வீட்டில் கூப்பிட்டார்கள். போகவில்லை. "தம்பிய யாரு பாக்குறது? எங்களுக்காக அலைஞ்சு அலைஞ்சே கல்யாணம் இல்லாமப் போச்சு அவருக்கு" என்று வந்தவர்களிடம் சொன்னார். நான் அடுத்த அறையில் இல்லை, அடுத்த அறை என்று ஒன்று எங்களுக்கு இல்லவே இல்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டேன். ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை அவர் கையால் சாப்பிட்டேன். மீன் கிடைத்த அன்று நடுத்துண்டு எனக்குத்தான். சில நாள் வாய் வரைக்கும் வந்துவிடும். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து சொன்னது ஞாபகம் வரும். விழுங்கிவிடுவேன். அண்ணன் சொன்னதற்குக் கட்டுப்பட்டேனா, சோற்றுக்குப் பயந்தேனா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

எண்பதுகள் முடியப் போகிற சமயத்தில் ஒரு நாள் தபால்காரர் பழுப்பு உறை ஒன்று கொடுத்தார். ராக்கெட்டோடு பேசுகிற நிலையம் வேறெங்கோ அமைந்துவிட்டதாம். இந்த இடம் தேவையில்லை, அறிவிக்கை ரத்து செய்யப்படுகிறது, நிலத்தின் மீதான எல்லாத் தடைகளும் நீக்கப்படுகின்றன. ஒரே பக்கம். கீழே புரியாத ஒரு கையெழுத்து.

அண்ணி வாசலில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "நீங்க அலைஞ்ச அலைச்சலுக்கு இதாவது வந்துச்சு தம்பி. அவருக்குத்தான் குடுத்து வைக்கல" என்றார்.

நான் காகிதத்தை மடித்தேன்.

"இருங்க, மடிக்காதீங்க" என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. காகிதத்தை வாங்கி, தடவிப் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இத்தன காடு கெடக்கையில, மொதல்ல எதுக்காக நம்ம வீட்டப் பாத்து எடுத்தாங்க? அது இதுல போட்டிருக்கா?"

காகிதத்தை விரித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல அண்ணி. போடல" என்றேன்.